டிரான்ஷிப்மென்ட்: மாற்றுக் கப்பலேற்றம்

ஒரு கப்பலில் வந்த சரக்கை இடையிலுள்ள துறைமுகத்தில் இறக்கி, அது சேரவேண்டிய ஊருக்குப் போகும் வேறொரு கப்பலில் ஏற்றுவது டிரான்ஷிப்மென்ட். கப்பல் முகவர் அலுவலகங்களில் சுருக்கமாக ‘டி.எஸ்.’ என்பார்கள். இலங்கையின் கப்பல் துறை வளர்ச்சி பற்றிய எந்த அறிக்கையும் இந்தச் சொல்லைத் தொடாமல் நகராது. கொழும்புத் துறைமுகம் கையாண்ட கொள்கலன்கள் 2018இல் இருபதடிப் பெட்டி ஒன்றை ஓர் அலகாகக் கொள்ளும் கணக்கில் 70 இலட்சத்தைத் தாண்டின. அவற்றில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இந்த வகையைச் சேர்ந்தது. இவ்வளவு பெரிய தொழிலுக்குத் தமிழில் இன்னும் நிலையான பெயர் இல்லை. புழங்கும் பெயர்களில் சில, பொருளையே திரித்துவிடுகின்றன.

ஆங்கிலச் சொல் மூன்று துண்டுகளால் ஆனது. ‘டிரான்ஸ்’ என்பது இலத்தீன் முன்னொட்டு. ‘குறுக்கே’, ‘அப்பால்’ என்று பொருள். நடுவிலுள்ள ‘ஷிப்’ ஜெர்மானியக் கிளையிலிருந்து வந்தது. கடைசி ‘மென்ட்’ பிரெஞ்சு வழியாக வந்த தொழிற்பெயர் விகுதி. ‘ஒரு கப்பலிலிருந்து மறு கப்பலுக்கு’ என்ற கருத்து முன்னொட்டிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் இதை ஓர் ‘எஸ்’ எழுத்துடனும் இரண்டுடனும் எழுதுகிறார்கள். இரண்டும் ஒரே சொல்தான்.

சுங்கத் துறையின் பொருள் இன்னும் இறுக்கமானது. சுங்க நடைமுறைகள் பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான திருத்திய கியோட்டோ உடன்படிக்கையின்படி, சரக்கைக் கொண்டுவந்த ஊர்தியிலிருந்து கொண்டுபோகும் ஊர்திக்கு மாற்றுவது, உள்வரவுக்கும் வெளிச்செல்கைக்கும் பொறுப்பான ஒரே சுங்க அலுவலகத்தின் எல்லைக்குள், அதன் கட்டுப்பாட்டில் நடக்கவேண்டும். ஒரு சுங்க அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்குச் சரக்கு நகர்ந்தால் அது ‘டிரான்சிட்’, அதாவது கடப்பு. அடியிலுள்ள பெட்டியை, அதாவது கொள்கலனை, எடுப்பதற்காக மேலுள்ளதைக் கரையில் இறக்கி, அதே கப்பலில் திரும்ப வைப்பதும் டிரான்ஷிப்மென்ட் ஆகாது, கப்பல் மாறவில்லையே.

நடைமுறையைப் பார்த்தால் சொல் தெளியும். வங்காளதேசத்தின் சட்டோகிராமிலிருந்து ஐரோப்பாவின் ரொட்டர்டாமுக்குப் போகும் ஆடைப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கர்ணபூலி ஆற்றங்கரையிலுள்ள அந்தத் துறைமுகத்தில் நெடுந்தூரம் போகும் பெரிய தாய்க் கப்பல்கள் நுழைய ஆழம் போதாது. எனவே பெட்டி சிறிய ஊட்டுக் கப்பலில், அதாவது ஃபீடரில், கொழும்புக்கு வருகிறது. கப்பல் வருவதற்கு முன்பே முகவர் சரக்கு விவரப் பட்டியலைக் கொடுத்திருப்பார். இறக்குமதிப் பெட்டிகள் வேறு, டி.எஸ். பெட்டிகள் வேறு என்று அதில் பிரித்திருக்கும். இறக்கியதும் முத்திரை எண்ணைச் சரிபார்க்கிறார்கள். பிறகு அடுத்த கப்பல், இறங்குதுறை, எடை ஆகிய மூன்றையும் பார்த்து பெட்டிகளை அடுக்கிவைக்கும் முற்றத்தில் இடம் ஒதுக்குகிறார்கள். குளிரூட்டிய பெட்டியை உடனே மின்இணைப்பில் மாட்டி வெப்பநிலையைக் குறிக்கவேண்டும். ஆபத்தான சரக்கு என்றால் தனி இடம். தாய்க் கப்பலின் ஏற்றுப் பட்டியல் வந்தபின் பெட்டி அதில் ஏறுகிறது. பெட்டியைத் திறப்பதில்லை, இறக்குமதித் தீர்வையும் இல்லை.

கோளாறு பெரும்பாலும் இரண்டு கப்பல்களுக்கு இடைப்பட்ட நேரத்தில்தான் நேர்கிறது. முதல் கப்பல் பிந்தினால் இரண்டாவது காத்திருக்காது. பெட்டி அடுத்த பயணத்துக்குத் தள்ளப்படும். தள்ளப்பட்ட பெட்டிகள் முற்றத்தில் சேரச் சேர, அடுக்கு உயர்கிறது. ஐந்தடுக்கில் அடியிலுள்ள ஒன்றை எடுக்க மேலுள்ள நான்கையும் நகர்த்தவேண்டும். அந்த நான்கு தூக்கலுக்கும் வருமானம் இல்லை, நேரம்தான் போகிறது. அதனால் கப்பலின் வேலை மெதுவாகி அதுவும் பிந்த, அதை நம்பியிருந்த பெட்டிகளும் தவறுகின்றன. 2023 நவம்பரில் செங்கடல் தாக்குதல்கள் தொடங்கியபின் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போக நேர்ந்தது. அட்டவணைகள் குலைந்தன. 2024இன் முற்பகுதியில் கொழும்பில் சரக்கும் நெரிசலும் சேர்ந்தே கூடியதற்கு இதுவே காரணம். கொழும்புக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: ஜய கொள்கலன் முனையம், 1999 முதல் இயங்கும் தெற்காசிய நுழைவாயில் முனையம், 2013இல் தொடங்கிய 18 மீட்டர் ஆழமுள்ள தெற்கு முனையம் என நடத்துநர்கள் வேறு வேறு. ஒரு முனையத்தில் இறங்கிய பெட்டி இன்னொன்றில் ஏறவேண்டுமானால் இடையில் லொறிப் பயணம் தேவை. அந்த ஓட்டம் தடைப்பட்டால் தொடர்பு தவறும்.

ஆவணத்தில் நேரும் பிழையும் சிறிதல்ல. பி.எல். எனும் கப்பல் சரக்குச் சீட்டில் இறுதித் துறைமுகம் இருக்கவேண்டிய இடத்தில் ‘கொழும்பு’ என்று எழுதிவிட்டால், பெட்டி இறக்குமதிக் கணக்கில் விழும். பட்டியலைத் திருத்தி முடிப்பதற்குள் அடுத்த கப்பல் போய்விடும். எல்.சி. எனும் வங்கிக் கடன் உறுதிக் கடிதத்தில் ‘டிரான்ஷிப்மென்ட் கூடாது’ என்ற வரியைக் கண்டு அஞ்சும் ஏற்றுமதியாளர்கள் அக்கடிதங்களுக்கான பன்னாட்டு விதித்தொகுப்பான யூ.சி.பி. 600 விதிகளின் 20ஆம் உறுப்புரையைப் படிக்கவேண்டும். முழுப் பயணத்துக்கும் ஒரே பி.எல். இருந்து, சரக்கு கொள்கலனில் ஏற்றப்பட்டதை அது காட்டினால், கப்பல் மாறும் என்று அதில் எழுதியிருந்தாலும் வங்கி ஏற்கும். எல்.சி. இந்த விதியையே விலக்கியிருந்தால் மட்டும் கதை வேறு.

எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். டி.எஸ். பெட்டி இறங்கும்போது ஒருமுறை, ஏறும்போது ஒருமுறை என இரண்டு தடவை கணக்கில் வருகிறது. நாற்பதடிப் பெட்டி இரண்டு அலகு. எனவே ஒரேயொரு நாற்பதடிப் பெட்டி கப்பல் மாறினால் நான்கு அலகு பதிவாகும். துறைமுகம் கையாண்ட அலகுகளை நாட்டின் ஏற்றுமதி, இறக்குமதி வளர்ச்சியாக வாசிப்பது தவறு என்பதற்கு இது ஒன்றே போதும்.

இப்போது தமிழ்ப் பெயர்கள். இலங்கைச் செய்திகளில் அடிக்கடி வரும் ‘மீள்ஏற்றுமதி’ பொருந்தவே பொருந்தாது. மீள்ஏற்றுமதி என்றால் ஒருவர் பொருளை வாங்கி, நாட்டுக்குள் கொண்டுவந்து, மறுபடி விற்று அனுப்புவது. அங்கே வணிக இலாபம் நாட்டில் தங்கும். டி.எஸ். பெட்டியிலுள்ள பொருளோ இலங்கையில் எவருக்கும் சொந்தமல்ல. கிடைப்பது தூக்குகூலியும் துறைமுகக் கட்டணங்களும்தான். ‘சரக்குப் பரிமாற்றம்’ என்பதிலும் குறை உண்டு. ஒன்றைக் கொடுத்து இன்னொன்றைப் பெறுவதே பரிமாற்றம். தமிழ்நாட்டில் கன்னியாகுமரி மாவட்ட இனயம் துறைமுகத் திட்டத்தின்போது பரவிய ‘சரக்குப் பெட்டக மாற்று முனையம்’ நெருங்கி வருகிறது. ஆனாலும் மாறுவது பெட்டகம் என்ற எண்ணத்தைத் தருகிறது. பெட்டகம் மாறுவதில்லை, கப்பல்தான் மாறுகிறது.

ஆகவே ‘மாற்றுக் கப்பலேற்றம்’ என்பதே எங்கள் தேர்வு. மாற்று என்பதை ‘இன்னொரு’ என்று படித்தாலும் ‘மாற்றுதல்’ என்று படித்தாலும் பொருள் கெடாது. ஏற்றுதல் என்ற வினையும் இத்தொழிலுக்குப் பழையது: பட்டினப்பாலை புகார்த் துறையைக் காட்டும்போது ‘நீரினின்று நிலத்தேற்றவும்’ என்கிறது. அங்கே பண்டங்கள் புலி முத்திரை பெற்றே நகர்ந்தன, அதாவது சுங்கம் கடந்தவை. மாற்றுக் கப்பலேற்றத்தில் தீர்வை கட்டிச் சுங்கம் கடக்கும் அந்தப் படி இல்லை. சுருக்கமாக ‘மாற்றேற்றம்’ எனலாம்.

இந்தத் தொழில் நிலையற்றது என்பதையும் சொல்லவேண்டும். இலங்கையின் சொந்த இறக்குமதி வேறெங்கும் போகமுடியாது; மாற்றேற்றச் சரக்கைக் கப்பல் நிறுவனம் ஒரே முடிவில் வேறு துறைமுகத்துக்குத் திருப்பலாம். 1958ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டப்படி இந்தியக் கரையோரத் துறைமுகங்களுக்கிடையே சரக்கேற்ற வெளிநாட்டுக் கப்பல்களுக்கு உரிமம் வேண்டியிருந்தது. இந்தியப் பெட்டிகள் கொழும்பில் கப்பல் மாற அது வழிவிட்டதால், அந்தக் கட்டுப்பாடு கொழும்புக்குச் சாதகமாகவே இருந்தது. 2018 மே மாதம் ஏற்றுமதி, இறக்குமதிப் பெட்டிகளின் மாற்றேற்றத்துக்கும் வெற்றுப் பெட்டிகளுக்கும் இந்தியா அதைத் தளர்த்தியது. 2025 மே 2 அன்று கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் முறைப்படி திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் கொழும்பு மேற்கு முனையமும் இயங்கத் தொடங்கியது. இந்தப் போட்டியில் ஆழமும் பளுதூக்கிகளும் மட்டும் போதா. கப்பல் நங்கூரமிட்டுக் காத்திருக்கும் மணிநேரம், முனையங்களுக்கிடையே லொறி எடுக்கும் நேரம், எரிபொருள் நிரப்பலும் பழுதுபார்ப்பும் மாலுமி மாற்றமும் ஒரே வருகையில் முடியுமா என்பது ஆகியவற்றையும் பார்த்துத்தான் நிறுவனங்கள் முடிவெடுக்கின்றன.

எழுதுவோர் ‘மாற்றேற்றத் துறைமுகம்’, ‘மாற்றேற்றக் கொள்கலன்’, ‘மாற்றேற்றக் கட்டணம்’ என்று ஆளலாம். முதல் தடவை வரும்போது பக்கத்தில் டிரான்ஷிப்மென்ட் என்றும் சேர்த்து எழுதினால் துறைமுகத்தில் வேலை செய்பவருக்கும் உடனே விளங்கும்.