லேசிக் செலவும் ஏழரைக் கணக்கும்

“கண் ஆபரேஷன் எல்லாம் பாலிசியில் உண்டு” என்று மருத்துவக் காப்பீட்டு ஏஜென்ட் சொன்ன ஒரு வார்த்தையை நம்பிக் கண்ணாடியைக் கழற்ற வருகிறவர்கள் திருநெல்வேலிப் பக்கம் நிறையப் பேர். கண்புரைக்கு அது சரி. கண்ணாடி இல்லாமல் பார்க்க லேசரால் செய்யும் லேசிக்குக்கு அப்படியல்ல.

கண்ணாடிப் பவர் 7.5 டயாப்டருக்கு (பவரின் அலகு) குறைவாக இருந்தால், பார்வையைச் சரிசெய்யும் செலவு கிடைக்காது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விலக்குகளில் இது 15ஆவது. ஏறக்குறைய எல்லாப் பாலிசியிலும் இதே வாசகம்தான். முக்கூடல் பக்கத்துப் பெண் ஒருவருக்குப் பவர் மைனஸ் 6.5. செயினை அடகு வைத்துப் பணம் கட்டினார். கிளெய்முக்குப் பதிலாக வந்த கடிதத்தில் அந்த விலக்கு எண் மட்டும் இருந்தது. ஏஜென்ட் போனை எடுக்கவில்லை.

ஏழரையைத் தாண்டியவர்களும் உடனே பணம் கட்டிவிடாதீர்கள். பாலிசி எடுக்கும் முன்பே கண்ணாடி போட்டவர் என்றால், ‘ஏற்கெனவே இருந்த குறைபாடு’ என்று கிளெய்ம் கேட்க முடியாத காத்திருப்புக் காலத்தைக் காட்டுவார்கள். அது 36 மாதம் வரை போகலாம். பாலிசி விண்ணப்பத்தில் ‘ஏற்கெனவே குறைபாடு உண்டா’ என்ற கேள்விக்கு ஏஜென்டே ‘இல்லை’ என்று எழுதியிருந்தால் இன்னும் சிக்கல். கையெழுத்து உங்களுடையது அல்லவா?

ஆபரேஷன் முடிந்துவிட்டால் பழைய பவரை யாராலும் அளந்து காட்ட முடியாது. எனவே இரு கண்ணின் பவரும், தேதியும், டாக்டர் கையெழுத்தும் உள்ள சீட்டுகளை, பழையவற்றையும் சேர்த்து, முன்பே நகலெடுத்து வையுங்கள். மருத்துவமனைக் கவுன்ட்டரில் “அப்ரூவல் வந்துவிடும், பணத்தைக் கட்டுங்கள்” என்பார்கள். கட்டாதீர்கள். காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேராகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று 2024இலேயே விதி வந்துவிட்டது. எழுத்தில் வரட்டும்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் இதற்கு உதவாது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கான நல்ல திட்டம்தான். ஆனால் கண்ணாடியைக் கழற்றுவதற்கென்றே வருமானச் சான்றுக்கு வி.ஏ.ஓ. வாசலிலும், அட்டைக்குக் கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்திலும் நின்று நாளைக் கெடுக்காதீர்கள். முதல் நாளே “இதற்குக் கிடையாது” என்று சொல்ல அங்கே எவருக்கும் வாய் வருவதில்லை.

ரயில்வேயில் உதவி லோகோ பைலட் வேலைக்காக லேசிக் செய்ய நினைக்கும் தம்பிகள் அந்த எண்ணத்தையே விடுங்கள். லேசிக் செய்தவர்களை அந்த வேலைக்கு எடுப்பதில்லை.

தகுதி இருந்தும் மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பிறகு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஏஜென்டிடமோ கவுன்ட்டரிலோ புலம்பியது புகாராகாது. 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும், ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மனிடம் (நிறுவனங்கள் மீதான புகாரை விசாரிப்பவர்) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், ஆன்லைனிலேயே அனுப்பலாம். நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தின் நகல் இல்லாமல் மட்டும் போகாதீர்கள். அதைத்தான் முதலில் கேட்பார்கள்.