நெத்திலியில் நடுமுள்ளை உருவாதீர்கள்

போன மாதம் பாம்பன் பக்கத்திலிருந்து ஓர் அக்கா வந்திருந்தார். வயது 54. கடலில் பாசி எடுப்பவர். வேலைக்காக விரல்களில் சுற்றியிருந்த துணியைக்கூட அவிழ்க்கவில்லை. பாறையில் வழுக்கிக் கையை ஊன்றியிருக்கிறார். அவ்வளவுதான், மணிக்கட்டு முறிந்துவிட்டது. கால்சியம் போதாமல் எலும்பு மெலிந்திருக்கலாம் என்றேன். "மீன் திங்காத நாளே இல்ல டாக்டர், எங்களுக்கா கொறையும்?" என்றார்.

மண்டபத்திலும் தேவிபட்டினத்திலும் இதையேதான் கேட்கிறார்கள். மீனின் கால்சியம் முள்ளில் இருக்கிறது, சதையில் கொஞ்சம்தான். சீலா, பாறை போன்ற பெரிய மீன்களின் துண்டுகளில் நல்ல புரதம் உண்டு, ஆனால் முள்ளை ஒதுக்கிவிடுகிறோம். நெத்திலியை எப்படி ஆய்வீர்கள் என்று அக்காவிடம் கேட்டேன். கட்டைவிரலால் கிள்ளிக் காட்டினார்: தலையோடு நடுமுள்ளும் உருவிக்கொண்டு வந்துவிடும். அது பூனைக்குப் போகிறது. தலையையும் குடலையும் மட்டும் எடுத்தால் போதும். சூடை, காரல் போன்ற பொடி மீன்களை மண்சட்டியில் புளி விட்டு மெல்லிய தீயில் நன்றாக வேகவிட்டால், மெல்லிய முள் பூப்போல மென்று விழுங்கும்படி ஆகிவிடும். நெத்திலிக் கருவாடும் நல்லதுதான். ஆனால் வெந்நீரில் ஊறவைத்து உப்பைக் கழுவிவிடுங்கள். உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் சேர்ந்து போகும்.

அக்காவின் ரத்தத்தில் கால்சியம் சரியாகவே இருந்தது. அதைப் பார்த்து நிம்மதியாகிவிடக் கூடாது. உடம்பின் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. சாப்பாட்டில் குறைந்தால், இதயமும் தசையும் நிற்காமல் ஓட, உடம்பு எலும்பிலிருந்து எடுத்து ரத்தத்துக்குக் கொடுத்துவிடும். மாதவிடாய் நின்ற பிறகு இந்தத் தேய்மானம் வேகமெடுக்கும்.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200 தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. 200 மில்லி பாலில் சுமார் 240 கிடைக்கும். 100 கிராம் கேழ்வரகில் 350 அளவுக்கு. முருங்கைக்கீரை, எள், மோர் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. டீயில் விடும் கொஞ்சப் பால் மட்டும் போதாது. எலும்பு முறிந்தால் ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுப்பது பாசம்தான், ஆனால் எலும்பிலுள்ள கால்சியம் தண்ணீரில் அவ்வளவாக இறங்காது.

இன்னொன்று, எனக்கு மிகவும் வருத்தம் தருவது. சிறுநீரகக் கல் என்றதும் பாலையும் கேழ்வரகையும் நிறுத்திவிடுகிறார்கள். உணவிலுள்ள கால்சியம் கல்லை உண்டாக்கும் ஆக்சலேட் என்ற பொருளைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றுகிறது. அதை நிறுத்தினால் கல் வரும் வாய்ப்புதான் கூடும். தண்ணீரை நிறையக் குடியுங்கள், சாப்பாட்டை விடாதீர்கள். கால்சியம் மாத்திரை வேறு விஷயம், டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். சிறுநீரகம் பழுதானவர்கள் உணவு மாற்றத்தையும் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

50 வயதுக்கு மேல், நின்ற இடத்தில் விழுந்ததற்கே எலும்பு முறிந்தால் மாவுக்கட்டோடு விட்டுவிடாதீர்கள். எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்சா ஸ்கேன் எடுக்கலாமா என்று கேளுங்கள்.