முதலில் ஒளிர்வது எது?

காரைக்குடிப் பக்கம் செம்மண் பூமி. நல்ல மழை பெய்தால் வரத்துக்காலில் வரும் முதல் தண்ணீர் செக்கச்செவேலென்று இருக்கும். சின்ன வயதில் ஐயாவோடு கண்மாய்க் கரையில் நிற்பேன். பழைய தண்ணீருக்குள் அந்தச் செந்நிறம் எந்த மூலையில் முதலில் நுழைகிறது என்று பார்த்தே, எந்தக் கால் ஓடுகிறது, எது தூர்ந்து கிடக்கிறது என்று சொல்லிவிடுவார். மூளை அறுவை சிகிச்சையில் சாயம் செலுத்திப் பார்ப்பதும் இதே கணக்குதான்.

மூளைக்குப் போகும் தமனி கிளை கிளையாகப் பிரிந்து, மயிரிழையை விடச் சன்னமான தந்துகிகளாகி, அப்புறம்தான் சிரையில் சேரும். ரத்தத்தின் அழுத்தம் அந்த வழியிலேயே தணிந்துவிடும். சிலருக்கு ஓரிடத்தில் தந்துகிகளே இருக்காது. தமனிகள் ஒரு குழாய்ச் சிடுக்கில் கொட்ட, அது நேரே சிரையில் வடியும். இந்தத் தமனி-சிரைக் கோளாறை டாக்டர்கள் ஏ.வி.எம். என்பார்கள். அந்த வேகம் தாங்காமல் வெடித்தால் மூளைக்குள் ரத்தக்கசிவு.

வெட்டி எடுக்கும்போது வரிசை தப்பக் கூடாது. வரத்து நிற்காமல், மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலுங்கை அடைத்தால் கண்மாய்க் கரை உடையும் அல்லவா? அப்படித்தான், தமனிகளை முதலில் அடைத்து, முக்கிய வடிகால் சிரையைக் கடைசியில்தான் தொட வேண்டும். ஆனால் தமனி ரத்தம் நேரே பாய்வதால் சிரையும் சிவந்து, புடைத்து நிற்கும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாலும் எது வரத்து, எது வடிகால் என்று குழம்பும்.

நிறம் ஏமாற்றும் இடத்தில் நேரம் கைகொடுக்கிறது. இண்டோசயனைன் கிரீன் என்ற பச்சைத் தூள், 1950களிலிருந்தே மருத்துவத்தில் புழங்குவது. அதைக் கரைத்து, மயக்க மருந்து டாக்டர் சிரையில் செலுத்துவார். ரத்தத்திலுள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்வதால் அது குழாயை விட்டுப் பெரும்பாலும் கசியாது. இதயம், நுரையீரல், மறுபடி இதயம் என்று சுற்றி, அரை நிமிடம்போல் ஆனதும் மூளைக்கு வரும். மைக்ரோஸ்கோப்பிலிருந்து சுமார் 800 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி விழும். சாயம் அதை வாங்கி, சுமார் 830 நானோமீட்டரில் திருப்பி உமிழும். இரண்டுமே கண்ணுக்குத் தெரியாது. விழுந்த ஒளியை வடிகட்டி விட்டு, உமிழ்ந்ததை மட்டும் கேமரா பிடிக்கும்.

திரை முழுக்க இருட்டு. முதலில் ஒரு வெள்ளைக் கோடு: தமனி. அடுத்து சிடுக்கு பளிச்சிடும். பின்னாலேயே, பக்கத்துச் சாதாரணச் சிரைகள் இன்னும் இருட்டாக இருக்கும்போதே, ஒரு சிரை ஒளிரும். அதுதான் வடிகால். எல்லாம் சில விநாடிகளில் முடிந்துவிடுவதால் வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்ப்பார்கள். கல்லீரல் சாயத்தைப் பித்தத்தோடு வெளியேற்றிவிடும். மூன்று நான்கு நிமிடங்களில் ரத்தத்தில் பாதியாகிவிடும். அதனால் சற்றுப் பொறுத்து மறுபடியும் செலுத்தலாம்.

ஆனால் இது மேலே தெரியும் குழாய்களை மட்டுமே காட்டும். ஆழத்தில் கிடப்பதும் ரத்தக்கட்டி மூடியதும் தெரியாது. அதனால் சிடுக்கு மிச்சமிருக்கிறதா என்பதற்கு, தொடையிலோ மணிக்கட்டிலோ வடிகுழாய் செலுத்தி எடுக்கும் ஆஞ்சியோகிராம்தான் கடைசிச் சொல்.

வரத்துத் தமனிகளெல்லாம் அடைபட்டதும், சிவந்திருந்த சிரை மெல்லக் கருநீலமாகும். மறுபடி சாயம் செலுத்தினால் அந்தச் சிரை முந்திக்கொண்டு ஒளிராது. அதற்கு அப்புறம்தான் கலுங்கில் கை வைப்பார்கள்.