‘எது பிடித்திருக்கிறது?’ என்று கேட்டால் பெயர் கிடைக்காது

இந்த வருடத்தில் இது நாலாவது தடவை. லேப்டாப்போடு நாலைந்து மாணவர்கள் வருகிறார்கள், ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் புதுப் பெயர் தேடிக் கொடுக்கும் புராஜெக்ட், “ரிசர்ச் முடிஞ்சுது சார், ரிப்போர்ட்டை மட்டும் ஒரு தடவை பாருங்க” என்கிறார்கள். திறந்தால் ஒரு ஆன்லைன் படிவம், அதில் ஐந்து பெயர், ஒரே கேள்வி: உங்களுக்கு எது பிடித்திருக்கிறது? இருநூற்றுச் சொச்சம் பதில்கள், கலர் கலராக ஒரு வட்ட வரைபடம். பதில் சொன்னவர்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழு, விடுதி நண்பர்கள், ஒருவனுடைய சித்தப்பா.

இந்த முறை நிறுவனம், பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வெழுத ஆள் ஏற்பாடு செய்து தருவது. ஜெயித்த பெயரில் ‘ஒளி’ இருந்தது. இருக்கத்தானே செய்யும்! அந்த மாணவர்களில் எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்று கேட்டேன். ஒருவர்கூட இல்லை. பார்த்தால் ஐந்து பெயரையும் லோகோவோடு படமாக ஒட்டியிருக்கிறார்கள். திரைவாசிப்பான் (திரையில் இருக்கிற எழுத்தைப் படித்துச் சொல்லும் மென்பொருள்) வைத்திருப்பவருக்கு அது “படம், படம், படம்” என்றுதான் கேட்கும். சரி என்று ஒருவருக்கு போன் போட்டுப் பெயரைச் சொன்னோம். “ஒலியா, ஒளியா?” என்றார் முதலில். அப்புறம் சிரித்துக்கொண்டே, “எங்களுக்கு ஒளியெல்லாம் வேண்டாம் சார், பரீட்சை அன்னைக்கு நேரத்துக்கு ஆள் வந்தா போதும்” என்றார்.

பிடித்திருக்கிறதா என்ற கேள்வியில் என்ன தப்பு என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். வாழ்க்கையில் யாரும் ஐந்து பெயர்களை வரிசையாக வைத்துக்கொண்டு ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒரே ஒரு பெயரை ரசீதிலோ போனிலோ பார்க்கிறார்கள், கேட்கிறார்கள், அவ்வளவுதான். தவிர, அடிக்கடி காதில் விழுந்தது நமக்குப் பிடித்துப்போகும். உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் 1968லேயே இதைச் சோதித்துக் காட்டிவிட்டார். ஆகவே ஓட்டுக்கு விட்டால் விடியல், சிறகு, நம்பிக்கை என்று ஏற்கெனவே ஊரெல்லாம் இருக்கிற பெயர்தான் மேலே வரும். நீங்கள் கேட்க வேண்டியது வேறு. இந்தப் பெயரைக் கேட்டால் இவர்கள் என்ன வேலை செய்கிறவர்கள் என்று தோன்றுகிறது? போனில் சொன்னால் சரியாக எழுதுகிறாரா? நாலு நாள் கழித்து ஞாபகம் இருக்கிறதா? வேறு எந்த நிறுவனத்தோடாவது குழப்பிக்கொள்கிறாரா?

பெயர் மாற்றவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிரிட்டனில் மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கான ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி 1994ல் ஸ்கோப் ஆனது, ‘ஸ்பாஸ்டிக்’ என்ற சொல்லே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாயில் வசவாகிவிட்டிருந்தது, மாற்றாமல் எப்படி இருப்பார்கள்? அதே நாட்டில் காது கேளாதோருக்கான ஆர்என்ஐடி 2011ல் ‘ஆக்‌ஷன் ஆன் ஹியரிங் லாஸ்’ என்று மாறி, 2020ல் பழைய பெயருக்கே திரும்பியது. புதுப் பெயர் வேலையை விளக்கத்தான் செய்தது. ஆனால் ஜனங்கள் மனதில் இருந்தது அந்தப் பழைய நாலெழுத்து. எனவே, தயவுசெய்து, பழைய பெயரையும் ஒரு போட்டியாளராகச் சோதனையில் வையுங்கள்.

ஒரு ஆளுக்கு ஒரு பெயர் மட்டும் காட்டுங்கள். நன்கொடையாளர், ஊழியர், உதவி பெறுபவர் மூன்று பேரின் பதிலையும் ஒன்றாகக் கலக்கிச் சராசரி எடுக்காதீர்கள், அது யாருடைய கருத்தும் இல்லை. இருநூறு படிவத்துக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேரிடம் உட்கார்ந்து பேசுங்கள். பதிவு, டிரேட்மார்க், இணைய முகவரி எல்லாம் முதல் நாளே பாருங்கள். ஏற்கெனவே இன்னொருவர் வைத்திருக்கிற பெயரை ஒரு மாதம் ஆராய்ந்துவிட்டு வந்தவர்களையும் பார்த்தாகிவிட்டது. நன்கொடையாளர்களின் போன் நம்பர் பட்டியலை உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொள்ளாதீர்கள். இதையெல்லாம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நிறுவனத்து நிர்வாகிகளுக்கும் ஒன்று. தலைவர் மனதில் ஒரு பெயரை முடிவு செய்துவிட்டாரென்றால், அதை மாணவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாவம், மூன்று மாதம் அலைகிறார்கள்.

அந்த ‘ஒளி’ கோஷ்டி இப்போது படிவத்தை மூடிவிட்டு ஒவ்வொருவராக போன் போட்டுக்கொண்டிருக்கிறது. பழைய பெயரைச் சேர்க்கச் சொன்னபோது முகம் சுளித்தார்கள், ஆனால் சேர்த்துவிட்டார்கள்.