பயோமிமெட்டிக்ஸ்: உயிர்ப்போலியா, உயிர்வழியா?

கடல் அட்டையைக் கையில் பிடித்தவர்களுக்கு இது தெரியும். தண்ணீருக்குள் ஊறிய துணி மாதிரி துவண்டு கிடக்கும். எடுத்து லேசாக அழுத்தினால், சில நொடிகளில் விறைத்துக் கட்டை போல ஆகிவிடும். என் சிறுவயதில் ராமநாதபுரம் மாவட்டத்து வேதாளைக் கரையில் அண்டா அண்டாவாக அட்டையை அவித்து, மணலில் புதைத்து எடுத்து, மறுபடி அவித்துக் காயப்போடுவார்கள். 2001-ல் தடை வந்தது. இன்று அதைத் தொட்டாலே வழக்குதான். அது நல்லதுக்குத்தான்.

அந்த விறைப்புக்குக் காரணம் தோலில் இருக்கிறது. தோல் முழுக்க கொலாஜன் என்ற புரத நார்கள், அவற்றுக்கு இடையே மெத்தென்ற ஒரு பொருள். ஆபத்து என்று நரம்பு சொன்னதும், சில செல்கள் ஒரு வகைப் புரதத்தை வெளியே விடும். அது நார்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடும், தோல் இறுகும். பிணைப்பு விட்டுப்போனால் பழையபடி துவளும்.

அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைப் பார்த்து ஒரு பொருளைச் செய்து, 2008-ல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். ரப்பர் போன்ற ஒரு பாலிமருக்குள் செல்லுலோஸ் நுண்நார்களைக் கலந்தார்கள். உலர்ந்திருக்கும்போது நார்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும், பொருள் விறைப்பாக இருக்கும். ஈரம் பட்டால் பிடி தளர்ந்து மென்மையாகிவிடும். மூளைக்குள் வைக்கும் மின்முனைக்கு இது உதவும் என்பது அவர்கள் எண்ணம்: செருகும்போது விறைப்பு வேண்டும், உள்ளே போனபின் மூளைத் திசுவை உறுத்தாத மென்மை வேண்டும்.

இந்த மாதிரி வேலைக்குத்தான் பயோமிமெட்டிக்ஸ் என்று பெயர். கிரேக்கத்தில் 'பயோஸ்' என்றால் வாழ்வு, 'மிமேசிஸ்' என்றால் போலச்செய்தல். சொல்லை 1950-களில் உருவாக்கியவர் ஆட்டோ ஷ்மிட் என்ற அமெரிக்கர். அவர் ஆராய்ந்த உயிரினமும் நம் பாம்பன் ஏலத்தில் தினமும் வந்து விழுவதுதான், கணவாய். நம் கரையில் ஊசிக் கணவாய், ஓட்டுக் கணவாய், பேய்க் கணவாய் என்று மூன்றாகப் பிரித்துச் சொல்வோம். இதில் ஊசிக் கணவாய் இனத்துக்குக் கண்ணுக்கே தெரிகிற தடிமனில் ஒரு நரம்பு இழை உண்டு. அதில் துடிப்பு எப்படி ஓடுகிறது என்று படித்த ஷ்மிட், அந்த நடத்தையை மின்சுற்றாகவே செய்து காட்டினார். 1938-ல் வெளியான அந்தச் சுற்று 'ஷ்மிட் ட்ரிகர்' என்ற பெயரில் இன்றும் மின்னணுக் கருவிகளில் இருக்கிறது. சமிக்ஞையில் வரும் சின்னச் சின்ன நடுக்கங்களைக் கண்டுகொள்ளாமல் ஆமா, இல்லை என்று தெளிவாகச் சொல்வது அதன் வேலை.

சரி, தமிழில் என்ன சொல்வது? முதலில் கைக்கு வருவது 'உயிர்ப்போலி'. இலக்கணத்தில் போலி குற்றமில்லாத சொல். பந்தல் பந்தர் ஆவதும், ஐந்து அஞ்சு ஆவதும் போலிதான். ஆனால் போலி டாக்டர், போலி மருந்து என்று கேட்டுப் பழகிய காதுக்கு 'உயிர்ப்போலி' தப்பாகத்தான் விழும். 'உயிரொப்பு' பரவாயில்லை. வடிவத்தையோ செயலையோ அப்படியே ஒத்திருக்கும்படி செய்வதற்கு அது பொருந்தும்.

ஆனால் அட்டை விஷயத்தில் அப்படியேவா செய்தார்கள்? அட்டை புரதத்தால் இறுகுகிறது, இவர்கள் பொருள் உலர்ந்தால் இறுகுகிறது. நார்களைக்கூட அட்டையிலிருந்து எடுக்கவில்லை. ட்யூனிகேட் என்ற வேறொரு கடலுயிரியின் உறையிலிருந்து எடுத்தார்கள். எடுத்துக்கொண்டது சூட்சுமத்தை மட்டும். இதற்கு ஆங்கிலத்தில் இப்போது அதிகம் வழங்குவது 'பயோஇன்ஸ்பயர்ட்'. இதை 'உயிரியலால் உத்வேகம் பெற்ற' என்று எழுதுவதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மூச்சு முட்டுகிறது. 'இன்ஸ்பயர்' என்பதன் லத்தீன் வேரே மூச்சை உள்ளே ஊதுவது. தமிழில் உயிர்த்தல் என்றாலே மூச்சுவிடுதல், உயிர்ப்பு என்றால் மூச்சு. ஆக 'உயிர்' என்ற சொல்லிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

மீதிப் பாதிக்கு நன்னூல் கைகொடுக்கிறது. நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று பிரிக்கிறார் பவணந்தி. முதல்நூலின் முடிபோடு ஒத்துப்போய், பின்னால் வருபவர் தமக்கு வேண்டிய விகற்பத்தையும் சேர்த்துச் சொன்னால் அது வழிநூல். அட்டையை முதல்நூலாக வைத்துப் பாருங்கள். சூட்சுமத்தில் ஒற்றுமை, பொருளிலும் முறையிலும் விகற்பம். அதனால் பயோமிமெட்டிக்ஸுக்கு 'உயிரொப்பு', பயோஇன்ஸ்பயர்டுக்கு 'உயிர்வழி' என்று பிரித்து எழுதலாம் என்பது என் உறுதியான கருத்து.

செயற்கை நுண்ணறிவும் இந்தக் குடும்பம்தான். நரம்பணுவைக் கணக்காக எழுதலாம் என்று மெக்கல்லக், பிட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1943-லேயே காட்டினார்கள். 'செயற்கை நுண்ணறிவு' என்பதன் ஆங்கிலப் பெயர் 1955-ல்தான் ஜான் மெக்கார்த்தி முதலானவர்கள் எழுதிய முன்மொழிவில் வந்தது. இன்றைய நரம்பணு வலைகள் அசல் மூளையிலிருந்து வெகுதூரம் விலகிவிட்டன. ஒப்பாகத் தொடங்கி வழியாகிவிட்டது என்றே சொல்லலாம்.

இப்போது அந்த வலையையே இந்த ஆய்வுக்கும் வீசுகிறார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2023-ல் 'பயோஇன்ஸ்பயர்ட் எல்எல்எம்' என்ற மொழி மாதிரியை வெளியிட்டார்கள். உயிரினங்களின் எலும்பு, ஓடு, மரம் போன்றவை பற்றிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளை அதற்குப் படிக்கக் கொடுத்திருந்தார்கள். கேட்டால் புது யோசனைகளையும் முன்வைக்கும். ஆனால் எழுதியதைத்தான் அது படிக்கும். எந்த அட்டை சீக்கிரம் விறைக்கும், எது கையிலேயே கரைந்து வழியும் என்று முங்கி எடுத்த பெரியவர்கள் பேசிக்கொண்டது எந்தக் கட்டுரையில் இருக்கும்? அவர்கள் இருக்கும்போதே கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதிவைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். 'வழி'க்குப் பின் வல்லினம் மிகும்: உயிர்வழிப் பொறியியல், உயிர்வழிக் கணிமை. வழிப்போக்கன் மாதிரி.