ஒரு சொட்டுத் தண்ணீரும் அரை டம்ளர் தண்ணீரும்

காவேரிப்பட்டணத்து வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை, க்ரீமும் ஒத்துக்கொள்ளாது, சாக்லேட் மூஸ் (நுரைபோல் மென்மையான இனிப்பு) செய்ய வழி உண்டா? இன்னொன்று, உருக்கிய சாக்லேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்ததும் மொத்தமும் கட்டி தட்டிப்போனது ஏன்?

இரண்டுக்கும் பதில் தண்ணீர்தான். சாக்லேட் என்பது கோகோ கொழுப்புக்குள் மிதக்கும் சர்க்கரைத் துகளும் கோகோத் துகளும். ஒரு சொட்டு விழுந்தால் சர்க்கரையின் மேற்பரப்பு மட்டும் நனைந்து, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தாராளமாக ஊற்றினால் சர்க்கரை கரைந்துவிடும்; கொழுப்பு பொடிப்பொடித் துளிகளாகத் தண்ணீருக்குள் பரவும். அந்தத் துளிகள் ஒன்றுசேராதபடி சாக்லேட்டிலேயே இருக்கும் லெசித்தின் என்ற, கொழுப்பையும் நீரையும் இணைக்கும் பொருள் பார்த்துக்கொள்ளும்.

க்ரீமும் தண்ணீரில் பரவிய கொழுப்புத் துளிகள்தானே, சாக்லேட்டையும் அதே விகிதத்துக்குக் கொண்டுவந்தால் நுரைக்காதா என்று யோசித்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் ஹெர்வே திஸ். 1995இல் செய்தும் காட்டினார்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். சூடாக இருக்கும்போது எவ்வளவு அடித்தாலும் காற்று நிற்காது. பாத்திரத்தை ஐஸ் மேல் வைத்து அடித்தால், ஒவ்வொரு துளிக்குள்ளும் கொழுப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் படிகமாகும். படிகத்தின் ஊசிமுனை துளியின் தோலைக் கிழித்து வெளியே நீட்டும். அப்போது இரண்டு துளிகள் மோதினால், முனை அடுத்த துளிக்குள் குத்தி நிற்கும். திரவமாக மிச்சமிருக்கும் கொழுப்பு இரண்டையும் ஒட்டவைக்கும். ஆனால் உள்ளே கெட்டியான பகுதி இருப்பதால் அவை ஒரே துளியாகக் கலந்துவிட முடியாது. முழுக்கத் திரவம் என்றால் கலந்துவிடும். முழுக்கத் திடம் என்றால் ஒட்டவே ஒட்டாது. இந்த அரைகுறை நிலையில்தான் துளிகள் கோர்த்துக்கொண்டு, கிணற்றைச் சுற்றிக் கல் அடுக்கியதுபோல் ஒவ்வொரு காற்றுக்குமிழியையும் சூழ்ந்து நிற்கின்றன.

சரி, செய்முறை. 180 மில்லி வெந்நீரில் ஒரு கைப்பிடி புதினாவைப் பத்து நிமிடம் ஊறவைத்து வடிகட்டுங்கள். நம் ஊர்ப் புதினாவின் வாசம் பெரும்பாலும் கார்வோன் என்ற பொருள். அது தண்ணீரைவிடக் கொழுப்பில் நன்றாகக் கரையும் என்பதால் சாக்லேட்டுக்குள் போய்க் குடியேறிவிடும். 200 கிராம் டார்க் சாக்லேட்டை அந்த நீரில் உருக்கி, ஐஸ் மேல் வைத்து அடியுங்கள். விஸ்க் (அடிக்கும் கம்பிக் கரண்டி) போன தடம் அழியாமல் நின்றால் உடனே நிறுத்திவிடுங்கள். மேலே செந்தூரா மாம்பழத் துண்டுகள். புளிப்பு வேண்டுமென்றால் அரைப்பழமான கிளிமூக்கு.

சாக்லேட் வாங்கும்போது உறையில் கோகோ பட்டர், அதாவது கோகோ கொழுப்பு, என்று இருக்கிறதா பாருங்கள். காம்பவுண்ட் என்று விற்பதில் வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். வாயில் கரையும் விதமே வேறு.

கோகோ கொழுப்புக்கு நெருங்கிய சொந்தம் ஒன்று கிருஷ்ணகிரியிலேயே கிடக்கிறது: மாங்கொட்டைப் பருப்பின் கொழுப்பு. சாக்லேட்டில் 5 சதவீதம் வரை சேர்க்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கும் ஆறு தாவரக் கொழுப்புகளில் அதுவும் ஒன்று. இங்கே மாங்கூழ் ஆலைகளில் கூழ் எடுத்தபின் கொட்டை மலையாகக் குவிகிறது. மாங்கனிக் கண்காட்சியில் பந்தல் போடும் செலவில் ஒரு பங்கையாவது ஆண்டுதோறும் இந்தக் கொழுப்பு ஆராய்ச்சிக்கு ஒதுக்கினால் என்ன என்று எனக்குத் தோன்றும்.

அப்புறம், மூஸ் மணல்மணலாகத் திரிந்துவிட்டால் யார் கண் பட்டதோ என்று மிளகாய் சுற்றாதீர்கள். அளவுக்கு மேல் அடித்ததால் துளிகள் பெரிய கட்டிகளாகச் சேர்ந்திருக்கும், அவ்வளவுதான். திரும்ப அடுப்பில் வைத்து உருக்கி, மறுபடி ஐஸ் மேல் அடித்தால் வந்துவிடும். முட்டை மூஸில் இந்த வசதி கிடையாது.