சொந்தப் பாதியிலும் ஆஃப்சைட் ஃப்ரீ கிக் உண்டு

போன மாதம் ஓசூர் பக்கம் ஒரு பள்ளிக் கால்பந்து ஆட்டம், நான்தான் ரெஃப்ரீ. கார்னரில் வந்த பந்தை டிஃபெண்டர் ஒருவன் முன்னால் ஓங்கி அடித்தான். எதிரணி மொத்தமும் கார்னருக்காக மேலே ஏறியிருந்தது. பின்னால் கோல்கீப்பர் மட்டும். அடித்தவனுடைய ஃபார்வர்ட் சென்டர் லைனைத் தாண்டி எதிரணிப் பாதியில் தனியாக நின்றிருந்தான். பந்து அவ்வளவு தூரம் போகவில்லை. அவன் திரும்பி ஓடிவந்து தன் பாதிக்குள் அதை நெஞ்சில் வாங்கினான். விசில் ஊதி, அவன் வாங்கிய இடத்திலேயே எதிரணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக் (நேராக அடித்தால் கோல் ஆகாத கிக்) கொடுத்தேன்.

"சொந்த சைடுல எப்படி சார் ஆஃப்சைட்?" என்று கோச் உள்ளே வந்துவிட்டார். அவர் பின்னால் ரிசர்வ் பையன்கள், அப்புறம் பெற்றோர். இதே சண்டையைப் பாலக்கோட்டிலும் அரூரிலும் காவேரிப்பட்டணத்திலும் பார்த்தாகிவிட்டது. இனியும் மைதானத்தில் நின்று பாடம் நடத்த முடியாது என்பதால் எழுதுகிறேன்.

ஆஃப்சைடில் இரண்டு நேரங்கள் இருக்கின்றன. ஒன்று, தன் அணிக்காரன் பந்தைத் தொடும் நொடி. ஆட்டக்காரன் எங்கே நிற்கிறான் என்பதை அப்போது மட்டுமே பார்ப்போம். எதிரணிப் பாதியில், பந்தைவிடவும் எதிரணியின் கடைசி இருவரில் முன்னால் நிற்பவரைவிடவும் கோல் லைனுக்கு அருகில் இருந்தால் அது ஆஃப்சைட் நிலை. அந்த இருவரில் கோல்கீப்பரும் ஒருவர்தான். அவர் முன்னால் ஏறி வந்துவிட்டால் பின்னால் இரண்டு டிஃபெண்டர்கள் வேண்டும். சமமாக நின்றால் ஆஃப்சைட் இல்லை. கையும் தோளுக்குக் கீழுள்ள புஜமும் கணக்கில் வராது.

அந்த நிலையில் நிற்பது மட்டும் குற்றமாகாது. சும்மா நிற்பவனுக்கு விசில் கிடையாது. இரண்டாவது நேரம், அவன் ஆட்டத்தில் தலையிடும் நொடி. பந்தைத் தொடுகிறான், அல்லது கோல்கீப்பரின் பார்வையை மறைக்கிறான், அல்லது பந்துக்காக எதிராளியோடு மோதுகிறான். குற்றம் நடப்பது அங்கேதான், அதனால் ஃப்ரீ கிக்கும் அங்கேதான். பாஸ் அடித்தபோது அவன் நின்ற இடத்தில் கிடையாது, டிஃபெண்டர்கள் நின்ற வரிசையிலும் கிடையாது, லைன்ஸ்மேன் கொடி தூக்கிய இடத்துக்கு நேராகவும் கிடையாது. ஆஃப்சைட் நிலையிலிருந்து இருபது மீட்டர் பின்னால் ஓடிவந்து சொந்தப் பாதியில் தொட்டால், சொந்தப் பாதியில்தான் கிக். ஓடி வந்ததால் குற்றம் கழுவப்படுவதில்லை.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணமும் இருக்கிறது. 2016 வரை, பாஸ் அடித்த நொடியில் ஆட்டக்காரன் நின்ற இடத்திலிருந்துதான் கிக் எடுப்பது நடைமுறை. அந்த ஆண்டு விதி மாறி, குற்றம் நடந்த இடம், அது சொந்தப் பாதியாக இருந்தாலும், என்று தெளிவாக எழுதப்பட்டுவிட்டது. பல உடற்கல்வி ஆசிரியர்கள் பழைய நடைமுறையில் படித்து வந்தவர்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதையே பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பதை ஏற்க முடியாது. அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆடிவிட்டு வருகிற பையன்களுக்கோ ஆஃப்சைடே புதிது. அங்கே பெரும்பாலும் அந்த விதியை வைப்பதில்லை.

அடுத்தது கிக். ஆஃப்சைடுக்குக் கொடுப்பது எப்போதும் இன்டைரக்ட். நான் கையைத் தலைக்கு மேல் தூக்கி நிற்பது அதற்காகத்தான். நேராக எதிரணி கோலுக்குள் அடித்தால் கோல் இல்லை, அவர்களுக்குக் கோல் கிக். வேறொருவர் மேல் பட்டு உள்ளே போனால்தான் கோல். பந்து அசையாமல் இருக்க வேண்டும், எதிரணி 9.15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். தங்கள் பெனால்டி பாக்ஸுக்குள்ளிருந்து கிக் எடுத்தால் எதிரணி பாக்ஸுக்கு வெளியே. ஆஃப்சைட் என்பதற்காக மட்டுமே யாருக்கும் மஞ்சள் கார்டு காட்டுவதில்லை, தயவுசெய்து கேட்காதீர்கள்.

த்ரோ-இன், கோல் கிக், கார்னர், இந்த மூன்றிலிருந்தும் நேரடியாக வரும் பந்துக்கு ஆஃப்சைட் இல்லை. டிஃபெண்டரின் முழங்காலில் தற்செயலாகப் பட்டுத் திரும்பிய பந்து ஆஃப்சைடை நீக்காது. அவர் நிதானமாகக் கட்டுப்படுத்தி ஆடிய பந்து நீக்கும். கோலுக்குப் போன பந்தைத் தடுத்தது அந்தக் கணக்கில் சேராது. இதைத் தனியாக எழுத வேண்டும், அவ்வளவு சண்டை இருக்கிறது.

கொடி தாமதமாக ஏறினால் "யோசிச்சு தூக்குறான்" என்று கத்துகிறார்கள். ஆமாம், யோசிக்கத்தான் வேண்டும். அந்த ஆட்டக்காரன் பந்தைத் தொடுகிறானா, பின்னாலிருந்து வேறொருவன் எடுத்துக்கொள்கிறானா என்று பார்த்துவிட்டுத் தூக்குவதுதான் சரியான முறை. பக்கவாட்டில் எங்கேயோ நின்று எடுத்த செல்போன் வீடியோவை என் முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள். கடைசி டிஃபெண்டருக்கு நேராக நின்று பார்த்தால் ஒன்று தெரியும், பத்தடி தள்ளி நின்றால் வேறு தெரியும்.

கோச்சுகளுக்கு ஒரு வேண்டுகோள். போட்டிக்கு முந்தின நாள் மைதானத்தில் இரண்டு கல் வையுங்கள். பாஸ் அடித்தபோது பையன் நின்ற இடத்தில் ஒன்று, பந்தை வாங்கிய இடத்தில் ஒன்று. இரண்டாவது கல்லிலிருந்து கிக் எடுக்கச் சொல்லுங்கள். கால் மணி நேரம் போதும்.

நம் ஊர் ஆட்டங்களில் கொடி பிடிப்பது பல நேரம் ஒரு பள்ளிப் பையன்தான். வெயிலில் லைனோடு ஓடிக்கொண்டே இருக்கிறான். அவனைப் பெரியவர்கள் கூட்டமாகப் போய்க் கெட்ட வார்த்தையில் திட்டுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. சந்தேகம் இருந்தால் பந்து நின்றதும் கேப்டனை என்னிடம் அனுப்புங்கள், சொல்கிறேன். அந்தப் பையனிடம் போகாதீர்கள்.